மீன் தொட்டிக்கு ஏசி போட்ட கோடை

1. முருகன் படம் ஆடியது

சித்திரை மாதத்தில் மதுரையில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக் கிடைக்கிற மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. வாசலிலேயே நின்று காத்திருப்பார்கள். மோர் கொடுப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிற ஃபேனை நம் பக்கம் திருப்பி வைப்பார்கள். அதே வீட்டுக்கு ஐப்பசி மழையில் போனால், “யாரு வேணும்?” என்று கேட்பார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கிடைக்கிற மோரைச் சித்திரையிலேயே குடித்துவிட வேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் காளவாசலில் மூக்கையா அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். அண்ணனுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஊர். வீட்டில் பயிர் விவசாயம், இங்கே கம்ப்ரசர் விவசாயம் என்பார். நல்ல மனிதர். ஆனால் யாரையாவது கேலி செய்யாமல் அவருக்கு டீ இறங்காது. ஒர்க்‌ஷாப்பில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லாததால் அந்த வேலையும் எனக்கே வந்தது.

ஒரு கோடைக் காலையில் திருநகரிலிருந்து போன். “கூலிங் சுத்தமா இல்ல. சீக்கிரம் வாங்க” என்று ஒரு ஆண் குரல், ரகசியம் சொல்வது மாதிரி மெல்லப் பேசியது. சைக்கிளில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்காரர் சுப்புராம் சார். டெலிபோன் ஆபீஸ் உத்தியோகம், உடம்பு சரியில்லாமல் நீண்ட லீவில் இருந்தார். மனைவி சாந்தா அம்மா. சௌராஷ்டிரக் குடும்பம். அம்மா வீட்டிலேயே சுங்குடிச் சேலை வைத்து வியாபாரம் செய்தார். அவர்கள் இருவரும் தங்களுக்குள் சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொள்வார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது எந்த பாஷையிலும் புரிந்துவிடும்.

கம்ப்ரசர் ஓடியது. குளிர்ச்சி இல்லை. கேஸ் முழுவதும் போய்விட்டிருந்தது. எங்கே லீக் என்று தேட வேண்டும். ஜாயிண்டுகளில் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஃப்ரீசரில் யாராவது கத்தியால் ஐஸைக் குத்தியிருப்பார்களோ என்று பார்த்தேன். இல்லை. நான் எங்கே போனாலும் சார் பின்னாலேயே வந்தார்.

“பழைய பைப்பா இருக்குமோ தம்பி?”

“வாங்கி ரெண்டு வருசந்தான் ஆகுதுன்னீங்களே சார்.”

“அப்ப கம்பெனி கோளாறா இருக்கும்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நைட்ரஜனை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று சிலிண்டரைத் திறந்தேன். பிரஷர் ஏறியதும் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த முருகன் படம் லேசாக ஆடியது. ஃபேன் ஓடவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. நான் படத்தைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அந்தப் படம் முந்தாநேத்து வரைக்கும் பூஜை ரூம்ல இருந்துச்சு தம்பி. திடீர்னு அவருக்குப் பக்தி வந்துருச்சு.”

படத்தை எடுத்தேன். பின்னால் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு அழகான ஓட்டை. டிரில் போட்டு, ஓரத்தை அரம் வைத்துத் தேய்த்து, மிகவும் நேர்த்தியாகச் செய்திருந்தார்.

அந்தக் காலத்தில்தான் புது மாதிரி ஃபிரிட்ஜுகள் வர ஆரம்பித்திருந்தன. பழைய ஃபிரிட்ஜில் கண்டென்சர் பைப், அதாவது சூட்டை வெளியே விடுகிற பைப், முதுகுப் பக்கம் எலும்புக்கூடு மாதிரி வெளியே தெரியும். புது ஃபிரிட்ஜில் அது பக்கவாட்டுத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும். சாரின் டிரில் சரியாக அந்தப் பைப்பைப் போய்ப் பார்த்திருக்கிறது.

“புஸ்ஸுன்னுச்சு தம்பி. பாம்போன்னு நெனச்சு ஸ்டூல் மேல ஏறிட்டேன்” என்றார் சார்.

“நான் வந்து எறக்கி விட்டேன்” என்றது அடுப்படி.

2. ஜமீன், குமாஸ்தா, டீச்சர்

ஏன் ஓட்டை போட்டார் என்று கேட்டதும் சார் என் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிப் போனார். மேற்குச் சுவர் ஓரமாக ஒரு மீன் தொட்டி. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கக்கூடிய சின்னத் தொட்டிதான். உள்ளே மூன்று கோல்டு ஃபிஷ். உருண்டை வயிறோடு முதலில் வந்து வாயைப் பிளப்பது ஜமீன். அதன் பின்னாலேயே திரிவது குமாஸ்தா. வெள்ளையாக, மூலையில் நின்று மற்ற இரண்டையும் முறைத்துக்கொண்டிருப்பது டீச்சர். பெயரெல்லாம் சார் வைத்தது.

சாருக்கு பிபி. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரி வரை போய் வந்திருந்தார். மருந்தோடு சேர்த்து, “வீட்ல ஒரு மீன் தொட்டி வைங்க. தினம் அதப் பாத்துக்கிட்டு உக்காந்தாலே மனசு அடங்கும்” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கார்த்திகையில் வாங்கிய தொட்டி. மாசி வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடந்தது. பங்குனியில் வெயில் ஏற ஏற, மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் சூடானால் அதில் காற்று தங்காது. மீனுக்கு மூச்சு முட்டும். மீனுக்கு மூச்சு முட்டினால் சாருக்கும் முட்டும். டாக்டர் பிபிக்குக் கொடுத்த வைத்தியம் இப்போது பிபியை ஏற்றிக்கொண்டிருந்தது.

சார் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எதையும் கையால் செய்து பார்க்கிற ஆசை அவருக்கு. வாழ்த்து அட்டைக்குள் இருக்கிற குட்டி மியூசிக் பெட்டியைப் பிடுங்கி, மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அலறுகிற மாதிரி வைத்திருந்தார். அதனால் தினமும் காலையில் தெருவுக்கே பிறந்தநாள் மியூசிக் கேட்கும். அப்படிப்பட்டவர் யோசித்துக் கண்டுபிடித்த வழி இது: ஃபிரிட்ஜில் இரண்டு ஓட்டை, ஒன்றில் தண்ணீர் உள்ளே போகும், உள்ளே குளிர்ந்து மற்றதில் திரும்பி வரும்.

“ஐடியா சரிதான் சார். ஓட்டை போட்ட எடந்தான் தப்பு” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பக்கவாட்டுப் பைப்பை அப்படியே விட்டுவிட்டு, பழைய மாதிரி ஒரு கண்டென்சரை முதுகில் மாட்டி, வெல்டிங் வைத்து, உள்ளே இருந்த காற்றை வேக்கம் போட்டு உறிஞ்சி, கேஸ் ஏற்றினேன். புது ஃபிரிட்ஜ் பழைய ஃபிரிட்ஜ் போல ஆனது. முருகன் பூஜை ரூமுக்குத் திரும்பினார். இனிமேல் ஃபிரிட்ஜ் பக்கம் டிரில்லோடு போகக் கூடாது என்று அம்மா முன்னிலையில் சாரிடம் சத்தியம் வாங்கினேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினார். டிரில்லைத் தொடவில்லை. ஃப்ரீசரைத் தொட்டார்.

சில நாள் கழித்து, கேஸ் சரியாக நிற்கிறதா என்று பார்க்கப் போனேன். ஃப்ரீசர் நிறைய தண்ணீர் பாட்டில்கள் உறைந்து கிடந்தன. சார் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் மிதக்க விட்டுக்கொண்டிருந்தார். தெரிந்த போட்டோ ஸ்டுடியோவில் பிலிம் கழுவும்போது வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கித் தொட்டியில் தொங்கவிட்டிருந்தார். ஐஸ் போட்டதும் அது கடகடவென்று இறங்கும். சார் சிரிப்பார். ஐஸ் கரைந்ததும் மேற்குச் சுவர் வெயிலை வாங்கிக் கொதிக்கும். தெர்மாமீட்டர் முன்னைவிட மேலே போகும். சார் அடுத்த பாட்டிலுக்கு ஓடுவார். மீன்கள் காலையில் கொடைக்கானலிலும் மத்தியானம் மதுரையிலுமாகக் குடித்தனம் நடத்தின.

“சார், ஒரேயடியா ஏறி எறங்கினா மனுசனுக்கே காய்ச்சல் வரும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். மீன் விஷயம் எனக்கு எதுவும் தெரியாது. பேச்சுக்குச் சொன்னதுதான். அது அப்படியே நடந்துவிட்டது. மீன்களின் உடம்பில் உப்பைத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தன. ஜமீனும் குமாஸ்தாவும் தாக்குப்பிடித்தன. டீச்சர் ஒரு மத்தியானம் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

சார் அதைக் கையில் எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். தலை சுற்றி, பேச்சுக் குழறி, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியதாகிவிட்டது.

3. அம்மா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சாந்தா அம்மாவே வந்து சொன்னார். காளவாசலில் ஒரு கடைக்குச் சேலை கொடுக்க வந்தவர், தோளில் பையோடு எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார். நான் ஒரு ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தேன்.

“தம்பி, அந்த மீன் தண்ணிய குளுர வைக்க ஏதாச்சும் மெஷின் செஞ்சு குடுப்பீங்களா?”

மூக்கையா அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அவருக்கு அன்றைக்கு இரண்டு டீக்கான விஷயம் கிடைத்த சந்தோஷம்.

“மீனுக்கு ஏசியாம்மா? அம்புட்டு வெயிலா அடிக்குது தண்ணிக்குள்ள? போர்வை, தலகாணி எல்லாம் குடுத்துட்டீகளா?”

அம்மா சிரிக்கவில்லை. பையை இறக்கிக் கீழே வைத்தார்.

“நானும் இப்பிடித்தாண்ணே கேலி பண்ணிக்கிட்டிருந்தேன். மீனுக்கு இம்புட்டு பாடான்னு வைவேன். முந்தாநாள் அவரத் தரையில பாத்ததுக்கப்பறம் வாய் வரல. இன்னும் ரெண்டு மீன் இருக்கு. வெயில் காலம் முடியற வரைக்கும் அந்த ரெண்டும் உசுரோட இருக்கணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்.”

அண்ணன் கையிலிருந்த டீ கிளாஸை வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, “மாப்ள, பின்னால கெடக்கே பழைய கம்ப்ரசர், அது ஓடுமா பாரு” என்றார்.

“சீசன் வேலை கெடக்கேண்ணே?”

“ஊர் தண்ணி ஒரு நாள் சூடா இருந்தா ஒண்ணும் ஆகாது. நீ அதப் பாரு.”

அம்மா கிளம்பும்போது திரும்பி, “நான் வந்தேன்னு அவர்ட்ட சொல்லிறாதீங்க. மீன் மேல பாசம் வந்துருச்சுன்னு நெனச்சுக்குவாரு” என்றார்.

4. மெஷின்

நான் இதுவரை செய்த வேலைகளில் அந்த மெஷினை நினைத்துத்தான் அதிகம் பெருமைப்பட்டிருக்கிறேன். அதிகம் சிரித்ததும் அதை நினைத்துத்தான்.

செப்புப் பைப்பைச் சுருளாகச் சுற்றித் தொட்டிக்குள் இறக்கிவிடலாம் என்பது முதல் யோசனை. நல்லவேளையாக டவுனில் வண்ணமீன் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். செம்பு கரைந்தால் மீனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அதனால் செப்புச் சுருளை மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்தேன். வாளியில் சாதாரணத் தண்ணீர். அதைக் கம்ப்ரசர் குளிர்விக்கும். மீன் தொட்டித் தண்ணீர் ஒரு ட்யூப் வழியாக வாளிக்குள் சுற்றிச் சுற்றிப் போய்க் குளிர்ந்து திரும்பும். அந்தத் தண்ணீரும் வாளித் தண்ணீரும் தொட்டுக்கொள்ளாது. தண்ணீரைத் தள்ள, ஏர் கூலரில் இருக்கிற மாதிரி ஒரு சின்ன பம்ப். குளிர் அளவோடு நிற்க ஃபிரிட்ஜ் தெர்மோஸ்டாட். எல்லாவற்றையும் ஒரு இரும்புச் சட்டத்தில் ஏற்றி, அண்ணனின் டிவிஎஸ் வண்டியில் கட்டித் திருநகர் கொண்டு போனேன்.

சார் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். என் ஐடியாவில் அவருடைய ஐடியா எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்த்தார். “அதே தியரிதான் தம்பி. நான் ஓட்டை போட்டேன், நீங்க போடல” என்றார்.

சுவிட்சைப் போட்டோம். கம்ப்ரசர் உறுமியது. பம்ப் தண்ணீரைத் தள்ளியது. தெர்மாமீட்டர் மெல்ல, ஐஸ் பாட்டில் மாதிரித் துள்ளாமல், ஒழுங்காக இறங்கியது. இருபத்தாறில் வந்து நின்றது. ஜமீன் கீழே போய்க் கூழாங்கல்லைப் புரட்ட ஆரம்பித்தது. பின்னாலேயே குமாஸ்தா போனது. சார் எனக்குக் கை கொடுத்தார். அம்மா உள்ளே போய், பாயசம் வைத்துக் கொண்டுவந்தார். அன்று நான் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிய நடையை அண்ணன் பல வருடம் எல்லோருக்கும் நடித்துக் காட்டினார்.

அந்த நடை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சார் போன் செய்தார்.

“தம்பி, மெஷின் அருமையா ஓடுது. மீனெல்லாம் சூப்பரா இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். “எங்களத்தான் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க.”

போனேன். ஹாலுக்குள் காலை வைத்ததும் புரிந்தது. செங்கல் சூளைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சார் பனியனோடு ஈரத் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார். மூலையில் என் மெஷின் கர்ரென்று உறுமிக்கொண்டு, கண்டென்சரிலிருந்து அனலை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தது.

கம்ப்ரசர் எங்கிருந்தும் குளிரைக் கொண்டுவருவதில்லை. ஒரு இடத்துச் சூட்டை எடுத்து இன்னொரு இடத்தில் கொட்டுகிறது. ஐடிஐயில் முதல் பாடமே இதுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஃபிரிட்ஜ் என்றால் சுற்றிலும் கனமான இன்சுலேஷன் இருக்கும். கதவைச் சாத்திவிட்டால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். மீன் தொட்டியோ வெறும் கண்ணாடி. உள்ளே போகிற குளிர் அத்தனையும் வெளியே ஒழுகும். கம்ப்ரசர் நிற்கவே நிற்காது. மீனிடமிருந்து எடுத்த சூடு, கம்ப்ரசரின் சொந்தச் சூடு, இரண்டையும் சேர்த்து அந்தத் தம்பதியின் தலையில் கொட்டிவிட்டு, பாயசம் குடித்துவிட்டு நான் வந்திருக்கிறேன்.

“மீனு கொடைக்கானல்ல இருக்கு தம்பி. நாங்க வாணலியில இருக்கோம்” என்றார் அம்மா. “நேத்து சேலை பாக்க வந்தவங்க, பாதி சேலையப் பிரிக்கிறதுக்குள்ள விசிறிக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டாங்க. எடுத்த சேலையிலேயே வேர்வையத் தொடச்சிட்டுப் போறாங்க.”

“பிபி எப்படி இருக்கு சார்?”

“ஏறிருக்காம். வீட்ல ஏதாச்சும் பிரச்சனையான்னு டாக்டர் கேட்டாரு. மீனுங்க எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னேன்.”

எனக்கு உள்ளுக்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மெக்கானிக் அதை வெளியே காட்டக் கூடாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒரு சின்ன வேலதான். செவத்துல ஒரு ஓட்ட போட்டு கண்டென்சர வெளிய மாட்டிட்டா முடிஞ்சிரும்” என்றேன்.

சாந்தா அம்மா இடுப்பில் கை வைத்தார். “ஃபிரிட்ஜுல போட்ட ஓட்ட பத்தாதா?”

சார் ஏதோ சௌராஷ்டிரத்தில் சமாதானம் சொன்னார். அம்மா பதில் சொன்னார். சாரின் பேச்சைவிட அம்மாவின் பதில் மிகவும் நீளமாக இருந்தது. கடைசியில், ஓட்டை சின்னதாக இருக்க வேண்டும், அன்றைக்கே பூச வேண்டும் என்று முடிவானது.

5. லோ வோல்டேஜ்

உளி, சுத்தியல், சிமெண்ட் பொட்டலத்தோடு நான் போய் நின்ற அன்று, காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மெஷின் ஓடாததால் ஹால் கொஞ்சம் தேவலை. ஆனால் தொட்டித் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. ஐஸும் இல்லை. தெர்மாமீட்டர் முப்பத்திரண்டுக்கு வந்துவிட்டது. ஜமீன் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தது.

மத்தியானம் கரண்ட் வந்தது. வந்ததே தவிர, பல்பு மின்மினி மாதிரிதான் எரிந்தது. லோ வோல்டேஜ். கம்ப்ரசரைப் போட்டால் ஊம் என்று முனகி, டொக்கென்று ட்ரிப் ஆகும். திரும்பப் போட்டால் திரும்ப டொக். இன்னும் இரண்டு தடவை போட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துவிடும். நான் சுவிட்சை அணைத்துவிட்டு, “ஒண்ணும் பண்ண முடியாது சார்” என்றேன்.

சாருக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. தொட்டிக்குக் கீழேயே தரையில் படுத்துவிட்டார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. மாத்திரையைக் கொடுத்தார். உள்ளே ஓடி, டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, தொட்டி பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்து, அதன் தலையைச் சாய்த்துச் சாரின் பக்கம் திருப்பிவிட்டார். அந்த வோல்டேஜில் ஃபேன் மட்டும்தான் சுற்றியது. அதுவும் சோம்பேறித்தனமாக. காற்று தொட்டியின் மேல் தடவிக்கொண்டு போய்ச் சாரின் முகத்தில் பட்டது. ட்யூப்களை உள்ளே விடுவதற்காகத் தொட்டியின் மூடியை நான் முன்பே கழற்றி வைத்திருந்தேன்.

சுவரை உடைக்கவும் மனம் வரவில்லை. கிளம்பவும் மனம் வரவில்லை. கையில் உளியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா சாரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் கழித்துச் சார் கண்ணைத் திறக்காமலே கேட்டார். “தம்பி, எம்புட்டு ஏறிருக்கு பாருங்க. உள்ளதச் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்.”

பார்த்தேன். ஏறவில்லை. முப்பதுக்கும் கீழே நின்றது. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து வெளியே எடுத்து உதறினேன். என் கைச்சூட்டில் சட்டென்று ஏறியது. தண்ணீரில் விட்டேன். இறங்கி, அதே இடத்தில் நின்றது.

“எறங்கிருக்கு சார்.”

“பொய் சொல்லாதீங்க.”

“சத்தியமா.”

சார் எழுந்து உட்கார்ந்து தானே பார்த்தார். பிறகு ஃபேனைப் பார்த்தார். பிறகு நானும் அவரும் மூடியில்லாத தண்ணீரைப் பார்த்தோம். காற்று பட்டு மேலே சின்னச் சின்னதாக அலை ஓடிக்கொண்டிருந்தது.

“காப்பிய ஆத்துற மாதிரி” என்றேன் நான்.

“ஈரத் துணி போட்ட பானை மாதிரி” என்றார் சார்.

“இதுக்கா செவத்த ஒடைக்க வந்தீங்க?” என்றார் அம்மா.

தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மதுரை வெயில் காய்ந்த வெயில். இங்கே தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். கடலோர ஊரில் இது இவ்வளவு நன்றாக வேலை செய்யாது. இதுவும் முதல் வருடப் பாடத்தில் உண்டு. ஆனால் கம்ப்ரசர் கற்றுக்கொண்டவன் ஃபேனை மதிப்பதில்லை. எனக்கு அது மாமனார் வீட்டுச் சீர்ச் சாமான் மாதிரி, வீட்டில் சும்மா கிடக்கிற ஒன்று.

சாயங்காலத்துக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இருபத்தாறு வரவில்லை. இருபத்தொன்பதில் நின்றது. ஜமீனுக்கு அது போதுமாக இருந்தது. கீழே போய்க் கல்லைப் புரட்டியது. குமாஸ்தாவும் பின்னாலேயே போனது. சாரின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே வெகுநேரம் பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. வெங்காயம் என்றார். அன்று அந்த வீட்டில் யாரும் வெங்காயம் நறுக்கவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்பதில் எங்கள் மூவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மூடியைக் கழற்றியவன் நான். ஃபேனை வைத்தவர் அம்மா. தான் மயங்கி விழாமல் இருந்திருந்தால் ஃபேனே வந்திருக்காது என்பது சாரின் கட்சி.

6. பிறகு

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி நின்று சிரித்தார். “கம்ப்ரசர் மெக்கானிக்கு போயி ஃபேனப் போட்டுட்டு வந்திருக்கான்யா!” என்று பக்கத்து டயர் கடைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஆனால் அவரே பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கிற உள்ளங்கை அளவு ஃபேன் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தொட்டி விளிம்பில் சாய்வாகப் பொருத்தி, வீட்டுக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற எலிமினேட்டரில் ஓடவிட்டேன். கரண்ட் போனால் சின்ன பேட்டரியிலும் ஓடும். மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலே கொசுவலை கட்டினோம். தொட்டியை வெயில் வாங்குகிற மேற்குச் சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றினோம். நீங்கள் யாராவது வீட்டில் செய்வதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். தண்ணீர் வேகமாகக் குறையும். முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரைத் தினமும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். பாசம் ஒன்றும் இல்லையாம், சாரை நம்ப முடியாதாம்.

என் மெஷின் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வந்தது. அண்ணன் அந்த வாளியில் பன்னீர் சோடா பாட்டில்களை அடுக்கினார். அந்த மெஷினால் உருப்படியாகப் பலன் அடைந்த ஒரே ஆள் அவர்தான்.

அந்தக் கோடையை ஜமீனும் குமாஸ்தாவும் தாண்டின. சாரின் பிபி இறங்கி, லீவு முடிந்து வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருநகரில் மீன் தொட்டி இருக்கிற வீடாகத் தேடிப் போய்த் தானே ஃபேன் மாட்டிக் கொடுத்தார். அந்த டாக்டரின் கிளினிக்கிலும் ஒன்று மாட்டியதாகக் கேள்வி.

நான் பிறகு தனியாகத் தொழில் செய்ய வந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஏசி வர ஆரம்பித்தது. திருப்பரங்குன்றத்தில் கோயில் வாசலில் ஒரு துணிக்கடைக்கு ஸ்பிளிட் ஏசி மாட்டப் போனேன். வெளியே வைக்கிற யூனிட்டைப் பக்கத்துச் சந்தில், ஆள் உயரத்தில் மாட்டச் சொன்னார் முதலாளி. அங்கே மாட்டினால்தான் பைப் குறைவாக ஆகும். அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு அம்மா பூக்கட்டி விற்றுக்கொண்டிருந்தார்.

“அனல் பூராவும் அந்தம்மா மேல அடிக்கும்ணே” என்றேன்.

“சந்துதானப்பா. நம்ம கடைக்குள்ள வரப்போகுதா?”

“மாட்டிடுறேன். ஆனா ஓடவிட்டப்பறம், அந்தம்மா எடத்துல நீங்க கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க. உங்களால முடிஞ்சா அங்கேயே விட்டுடுறேன்.”

அவர் என்னை முறைத்தார். கீழே பூக்கூடையைப் பார்த்தார். கோயில் வாசல் முதலாளி, கொஞ்சம் மனசாட்சி இருந்தது. “சரி, மொட்டமாடிக்குத் தூக்குப்பா” என்றார்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நாம் குளிரை விற்கிறோம் என்று போர்டில் எழுதிக்கொள்கிறோம். உண்மையில் நாம் சூட்டை இடம் மாற்றுகிறவர்கள். மாற்றுவதற்கு முன்னால், கொண்டுபோய்க் கொட்டுகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

அன்று யூனிட்டை மாடிக்கு ஏற்றச் சந்தில் ஏணியைச் சாய்த்தேன். பூக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“யாவாரத்தக் கெடுக்காம ஏணிய அங்கிட்டு நகட்டுப்பா” என்றார்.

நகர்த்தினேன்.